இணையவழிக் கல்வியும் மாணவர் மனநிறைவும்

இளம் அறிவியல் புள்ளியியல், இரண்டாம் ஆண்டு

வகுப்பறை என்றவுடன் நம் மனக்கண்முன் நான்கு சுவர்களும், ஒரு கரும்பலகையும், மின்விசிறிக் காற்று எட்டாத ஒரு கடைசி வரிசையும் தோன்றுகின்றன. அந்த நான்கு சுவர்களும் ஒரே நாளில் இல்லாமற் போன காலம் ஒன்று அண்மையில் வந்து சென்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் 17 முதல் தமிழ்நாட்டின் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடே வீட்டுக்குள் அடங்கியது. சில வாரங்களில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டோம். ஆனால் கல்லூரிகள் இடையிற் சிறிது காலம் திறந்து, மீண்டும் மூடப்பட்டு, 2021 செப்டம்பர் முதல் தேதிதான் முறையாகக் கதவு திறந்தன. இடைப்பட்ட காலமெல்லாம் கல்வி கைப்பேசியின் வழியே வந்து சேர்ந்தது; சேராமலும் போனது.

"இக்கல்வியில் மாணவர்க்கு மனநிறைவு உண்டா?" என்று அந்நாளில் உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் கேட்டன. கேள்வித்தாள்கள் பறந்தன; கட்டுரைகள் குவிந்தன. பெரும்பாலும் "ஓரளவு மனநிறைவே" என்னும் பாங்கில் விடைகள் வந்தன. நான் புள்ளியியல் பயிலும் மாணவி. ஒரு விடையைக் கண்டால், அது சரியா தவறா என்று பார்க்குமுன், யாரிடம் கேட்டுப் பெற்ற விடை, எவ்வாறு கேட்டுப் பெற்ற விடை என்று பார்க்கவேண்டும் என எங்கள் துறையில் முதலாண்டிலேயே பழக்குகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு இந்த மனநிறைவுக் கணக்கை அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது எவ்வகைக் கல்வி?

தொலைவிலிருந்து கற்பது நமக்குப் புதிதன்று. அஞ்சல்வழிக் கல்வி நம் பெற்றோர் தலைமுறைக்கே தெரிந்த சொல். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டெல் காணொலிப் பாடங்களை இன்றும் நம் நூலகக் கணினியில் காண்கிறோம். 2017இல் நடுவண் அரசின் ஸ்வயம் தளம் வந்தது. இவையெல்லாம் திட்டமிட்டு அமைத்தவை. 2020இல் நடந்ததோ வேறு. அவ்வாண்டு மார்ச் இறுதியிலேயே அமெரிக்கக் கல்வியாளர் சிலர் ஒரு கட்டுரை எழுதி, இதனை இணையவழிக் கல்வி என்றே அழைக்கவேண்டாம், அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல் என்று அழையுங்கள் என வேண்டிக்கொண்டனர். ஒரு பாடத்தை முறையாக இணையவழிக்கு ஆயத்தம் செய்ய ஆறு முதல் ஒன்பது திங்கள் ஆகும் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. நம் பேராசிரியர்களுக்குக் கிடைத்தவை சில நாட்களே. வீட்டுச் சுவரில் கரும்பலகை மாட்டியவரும், நாற்காலிக் காலில் கைப்பேசியைக் கட்டித் தொங்கவிட்டுத் தாளில் எழுதிக் காட்டியவரும் உண்டு. அவர்களைக் குறைகூறுவது இக்கட்டுரையின் வேலையன்று.

வந்த கல்வியும் ஒரே வடிவில் வரவில்லை. கூகுள் மீட்டிலும் ஜூமிலும் நேரலையாக நடந்த வகுப்பு ஒருவகை. பதிவுசெய்து யூடியூபில் ஏற்றிய பாடம் இன்னொரு வகை. வாட்ஸ்அப் குழுவில் வந்த குறிப்புகளும் குரற்பதிவுகளும் மூன்றாம் வகை. நகரத்தில் முதல் வகையே கல்வியாக இருந்தது. எங்களூர்ப் பக்கத்தில் மூன்றாம் வகையே பெரும்பாலோர்க்குக் கிட்டியது. காரணம் எளிது. ஒரு மணிநேரக் காணொலி வகுப்புச் சில நூறு மெகாபைட் முதல் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் வரை விழுங்கும். நாளுக்கு ஒன்றரை ஜிகாபைட் தரும் திட்டத்தில் பணம் கட்டியிருந்தால் இரண்டாம் பாடவேளைக்குள் தீர்ந்துவிடும். குரற்பதிவுக்கு அதில் மிகச் சிறு பங்கே செலவு. தரவு இருந்தாலும் அலைவரிசை வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் ஊர் இரு கரடுகளுக்கு நடுவே கிடப்பது. மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் பாதி ஏறினால் இரண்டு கோடு அலைவரிசை கிடைக்கும். தரையில் ஒரு கோடு, அதுவும் காற்று அடித்தால் இல்லை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சியில் வரும் பாடம் எனக்குப் போதுமானதாக இருந்தது. கல்லூரியிற் படிப்பவர்களுக்கு அப்படியொரு தொலைக்காட்சி இல்லை. அவர்களே ஏணியில் ஏறினார்கள்.

இந்நிலையை அரசு அறியாமல் இல்லை. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் பயின்ற ஏறத்தாழ 9.69 லட்சம் மாணவர்க்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரவு இலவசமாக வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கைப்பேசி உள்ளவர்க்கு அது பெரிய உதவி.

நன்மை கண்டவர்கள்

இணையவழிக் கல்வி என்றால் துன்பம் மட்டுமே என்று எழுதிவிடுவது நேர்மையாகாது. பதிவுசெய்த பாடத்தால் உண்மையிலேயே பயன்பெற்றவர்கள் இருக்கிறார்கள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆங்கிலவழியில் அறிவியல் சேர்ந்த ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். நேர்வகுப்பில் புரியாத சொல் ஒன்று வந்தால், அதை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மூன்று வாக்கியங்கள் கடந்துவிடும். பதிவிலோ நிறுத்தலாம், அகராதி பார்க்கலாம், திரும்பக் கேட்கலாம். "பேராசிரியரை நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்ல எனக்கு வாய் வராது, யூடியூபை நிறுத்த வரும்" என்று எங்கள் கல்லூரியில் படித்து முடித்த அக்கா ஒருவர் கூறியது நினைவில் நிற்கிறது. எழுந்து நின்று ஐயம் கேட்க நாணும் மாணவியர், திரையோரத்தில் எழுத்தால் கேட்டார்கள். இரண்டு பேருந்து மாறி, நாள்தோறும் மூன்று மணிநேரம் பயணத்தில் கழித்தவர்க்கு அந்த நேரம் மிஞ்சியது. ஆனால் மாணவியர்க்கு மிஞ்சிய நேரம் பெரும்பாலும் அடுப்பங்கரைக்கே சென்றது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடவேண்டும். கையில் பாத்திரமும் காதில் பாடமுமாகப் பட்டம் வாங்கியவர்கள் நம் மாவட்டத்தில் குறைவல்லர்.

பாடத்துக்குப் பாடமும் வேறுபாடு உண்டு. புள்ளியியலில் ஒரு கணக்கைத் திரையில் பார்த்துப் போட்டுவிடலாம். வேதியியல் நண்பர்களைக் கேளுங்கள். பியூரெட்டைத் திருகி, கடைசிச் சொட்டில் பினாப்தலீன் இளஞ்சிவப்பாகும் அந்தக் கணத்தில் கையை நிறுத்தப் பழகுவது காணொலியில் வராது. கண் கற்றுக்கொள்ளும்; கை கற்றுக்கொள்ளாது.

மற்றொரு செய்தியையும் மனநிறைவுக் கணக்கில் சேர்த்துப் பார்க்கவேண்டும். அது தேர்வு. வினாத்தாள் இணையத்தில் வரும். வீட்டிலிருந்தே ஏ4 தாளில் விடை எழுதி, படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றவேண்டும். 2021 நவம்பரில், கல்லூரிகள் திறந்தபின், மதுரை உள்ளிட்ட ஊர்களில் மாணவர்கள் திரண்டு தேர்வை இணையவழியிலேயே நடத்தவேண்டும் எனக் கோரினர். பாடத்தை இணையத்தில் நடத்திவிட்டுத் தேர்வை மட்டும் நேரில் வைப்பது முறையா என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயின் அதே மாணவர்களிடம் "இணையவழி முறையில் உங்களுக்குத் திருப்தியா?" என்று பொதுப்படக் கேட்டிருந்தால் "மிகவும் திருப்தி" என்றே பலர் சொல்லியிருப்பார்கள். அது தேர்வு முறைக்குத் தந்த மதிப்பெண்ணா, பாடத்துக்குத் தந்ததா? கேள்வி இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் விடையிலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

மனநிறைவு என்னும் அளவுகோல்

நீளத்தை அளக்க மீட்டர் உண்டு. மனநிறைவை அளக்க என்ன உண்டு? இன்று உலகெங்கும் வழங்கும் கருவி ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு வரிசை. மிகவும் திருப்தி, திருப்தி, இரண்டும் இல்லை, திருப்தி இல்லை, சற்றும் திருப்தி இல்லை. அமெரிக்க உளவியலார் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்த முறை இது. இவற்றுக்கு 5, 4, 3, 2, 1 என எண் கொடுத்துச் சராசரி காண்பது வழக்கம்.

சராசரி எவ்வளவு மறைக்கும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு வகுப்பில் எல்லா மாணவரும் 3 என்று குறித்தால் சராசரி 3. இன்னொரு வகுப்பில் பாதிப்பேர் 5 என்றும் பாதிப்பேர் 1 என்றும் குறித்தாலும் சராசரி 3தான். முதல் வகுப்பு எதையும் பெரிதாக எண்ணாத வகுப்பு. இரண்டாவது, வீட்டில் அகன்ற அலைவரிசை உள்ளவர்க்கும் ஏணியில் ஏறுகிறவர்க்கும் நடுவே பிளந்து கிடக்கும் வகுப்பு. சராசரியை மட்டும் அச்சிட்டால் இரண்டும் ஒன்றே. திட்ட விலக்கத்தையும் அருகில் அச்சிட்டால் பிளவு தெரிந்துவிடும்; முன்னதில் அது சுழி, பின்னதில் 2. ஆகவே ஓர் ஆய்வைப் படிக்கும்போது நண்பர்கள் சராசரிக்குப் பக்கத்து நிரையையும் பார்க்கவேண்டுகிறேன்.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. மனநிறைவு என்பது பெற்றதன் அளவு மட்டுமன்று. எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள இடைவெளியின் அளவு. வணிகவியல் நண்பர்கள் நுகர்வோர் நடத்தையில் இதைப் படித்திருப்பார்கள். ரிச்சர்ட் ஆலிவர் என்பவர் 1980இல் எழுதிய கட்டுரை இக்கருத்துக்குப் புகழ்பெற்றது. எதிர்பார்ப்புக் குறைந்தால், பெற்றது குறைவாயினும் மனம் நிறைந்துவிடும்.

எங்கள் வீட்டில் யாரும் எதைப் பற்றியும் "திருப்தி இல்லை" என்று எழுதிக் கொடுத்ததில்லை. நியாயவிலைக் கடையில் போன அன்றே அரிசி கிடைத்துவிட்டால் அம்மாவுக்கு அன்றைக்குத் திருப்தி. மருத்துவமனையில் மருத்துவர் முகம் பார்த்துப் பேசிவிட்டால், "நல்லா பாத்தாங்க" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பார். மாத்திரை வேலை செய்ததா என்பது வேறு. கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கும் குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு ஒரு விரிவுரை எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் தெரியாது. எனவே, வாரம் இரண்டு குரற்பதிவு வந்தாலும் அவர் 4 என்று குறிப்பார். நேரலை வகுப்பும், தனிப்பயிற்சியும், படித்த பெற்றோரும் உள்ள மாணவர், ஒலி சற்று விட்டு விட்டுக் கேட்டதற்காக 2 என்று குறிப்பார். எண்ணைப் பார்ப்பவர் முன்னவர் வகுப்பே சிறந்தது என்று முடிவுகட்டுவார். குறைவாகப் பெற்றவரின் நன்றியுணர்ச்சி, புள்ளிவிவரத்தில் ஏறும்போது, அவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. இதைக் குறித்து நான் படித்ததைவிட, என் அம்மாவைப் பார்த்து அறிந்ததே அதிகம்.

நம் கல்லூரிகளுக்கும் இது தொடர்புடைய செய்தியே. தரமதிப்பீட்டுக்கு வரும் நாக் குழு 2017இல் திருத்திய முறையில், மாணவர் மனநிறைவு ஆய்வு ஒன்று இடம்பெற்றது. மாணவர்க்கு இணையவழியாகவே கேள்விகள் அனுப்பப்பட்டன. நாமும் பருவந்தோறும் கருத்துப் படிவங்கள் நிரப்புகிறோம். முதற்கேள்வி முதல் கடைசிக் கேள்வி வரை ஒரே நிரையில் விரலை இழுத்துக்கொண்டு போவோர் நம்மில் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். இவ்வரியை இதழாசிரியர் நீக்காமல் இருப்பாராக.

பதில் சொன்னவர் யார்?

இனி முதன்மையான கேள்விக்கு வருவோம். 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நடந்த கதை புள்ளியியல் மாணவர் எல்லார்க்கும் தெரிந்தது. பிறதுறை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். லிட்டரரி டைஜஸ்ட் என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பினர். அவற்றை எண்ணி, லாண்டன் 100க்கு 57 வாக்குப் பெற்று வெல்வார் என இதழ் அறிவித்தது. நடந்த தேர்தலில் ரூஸ்வெல்ட் 100க்கு ஏறத்தாழ 61 பெற்று, 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். 23 லட்சம் பேரைக் கேட்டும் கணக்குக் கவிழ்ந்தது ஏன்? பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தக் காலத்தில் தொலைபேசி வைத்திருந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அனுப்பிய சீட்டுகளிலும் நான்கில் ஒன்றுக்குக் குறைவாகவே திரும்பின. இதழ் 1938இல் நின்றுபோயிற்று.

இதை மனத்திற் கொண்டு 2020க்கு வருவோம். சுலோவேனியா நாட்டின் லியூப்லியானா பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்றில் 62 நாடுகளின் 30,383 மாணவர்கள் பங்கேற்றனர். அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் கேட்டது. ஆசிரியர்கள் தந்த துணையில் மாணவர்கள் பெரிதும் மனநிறைவு கொண்டிருந்தனர் என்றும், சலிப்பும் கவலையும் ஏமாற்றமும் அவர்களை வாட்டின என்றும், கணினித் திறன் குறைவும் பாடச்சுமையும் தடையாயின என்றும் அது கண்டது. மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் கேள்வித்தாள் எங்கே இருந்தது? இணையத்தில். இணையவழிக் கல்வி வந்து சேர்ந்ததா என்பதை அறிய, இணையம் வந்து சேர்ந்தவரிடமே கேட்டார்கள். ஊரடங்கில் வேறு வழியில்லை என்பது உண்மை. அதனால் விடையின் இயல்பு மாறிவிடாது. பேருந்தில் அமர்ந்திருப்பவரை மட்டும் கேட்டு, "எல்லாருக்கும் பேருந்து கிடைத்தது" என்று எழுதுவது போன்றது இது.

இங்கிலாந்தில் இறுதியாண்டு மாணவரிடம் ஆண்டுதோறும் தேசிய மாணவர் ஆய்வு நடத்துகிறார்கள். தம் படிப்பின் தரத்தில் ஒட்டுமொத்தமாக மனநிறைவு என்றவர்கள் 2020இல் 100க்கு 83 பேர். 2021இல் 75 பேர். ஓராண்டில் எட்டுப் புள்ளிச் சரிவு. இந்த எண்ணை நான் சற்று மதிப்புடன் பார்க்கிறேன். காரணம், மின்னஞ்சலுக்கு மறுமொழி தராதவரைத் தொலைபேசியில் அழைத்தும் கேட்கிறார்கள். அந்த நாட்டில் 2021இல் பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் பதில் தந்தனர்.

நம் நாட்டு நிலை என்ன? தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, 2017-18இல், இந்திய ஊர்ப்புறக் குடும்பங்களில் 100க்கு ஏறத்தாழ 4இல் கணினியும், ஏறத்தாழ 15இல் இணைய வசதியும் இருந்ததாகக் கண்டது. பின்னர் கைப்பேசிகள் பெருகின என்பது வேறு. இந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதே நான் காட்ட விரும்புவது. பேராசிரியர் மகாலனோபிஸ் வழிவந்த மரபுப்படி, ஆய்வாளர்கள் வீடு வீடாக நடந்துபோய்க் கதவைத் தட்டிக் கேட்ட எண் அது. இணையம் இல்லாதவர் எத்தனை பேர் என்பதை நடந்துபோனால்தான் அறியமுடியும்.

ஓர் எடுத்துக்காட்டு. இது கற்பனை வகுப்பு. 60 மாணவர், 35 பேர் படிவம் நிரப்பினர், அவர்களில் 28 பேர் திருப்தி என்றனர். 100க்கு 80 என்று அறிக்கை எழுதிவிடலாம். விடுபட்ட 25 பேரில் ஒருவர்கூட மனநிறைவு கொள்ளாதவராயின் உண்மை 60இல் 28, அதாவது 100க்கு 47. அனைவரும் மனநிறைவு கொண்டவராயின் 60இல் 53, அதாவது 100க்கு 88. ஆக, அந்தப் படிவங்கள் நமக்கு உறுதியாகச் சொல்வது "47க்கும் 88க்கும் இடையே எங்கோ" என்பதே. 80 என்ற எண்ணில் உள்ள உறுதி, விடுபட்டவரும் பதில் சொன்னவரைப் போன்றவரே என்னும் நம்பிக்கையிலிருந்து வருகிறது. அந்த நம்பிக்கைக்குச் சான்று ஏதும் படிவத்தில் இல்லை.

விடுபட்ட ஒருவர்

புள்ளிவிவரக் கட்டுரையில் சொந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். விடுபட்டவர் என்று எழுதும்போது எனக்கு ஒரு முகம் தெரிகிறது. அதை மறைத்து எழுத இயலவில்லை.

என் அண்ணன் 2020இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஒரு கல்லூரியில் பொருளியல் சேர்ந்தார். வகுப்புகள் இணையவழி. வீட்டில் இருந்தது அப்பாவின் கைப்பேசி ஒன்றே. அப்பா கட்டட வேலை செய்பவர். மேஸ்திரி அழைத்தால்தான் வேலை. எனவே காலை ஏழு மணிக்கு அவரோடு கைப்பேசியும் போய்விடும். இரவு ஏழரைக்கு அது திரும்பும்போது அண்ணன் அன்றைய குரற்பதிவுகளைக் கேட்பார். பிறகு எனக்குத் தருவார். என் பள்ளிக் குழுவிலும் வீட்டுப்பாடம் வந்திருக்கும். சில நாள் எனக்கே முதலில் தந்துவிட்டு, "நீ பாரு, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்வார்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு தவணையில் ஒரு கைப்பேசி வாங்கினார், ஒன்பதாயிரம் ரூபாய்க்கு. தவணை கட்டுவதற்காகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். தவணை முடிந்ததும் வந்துவிடுவதாகத்தான் சொல்லிச் சென்றார். வேலை நேரத்தில் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். வகுப்புக் காலை பத்து மணிக்கு. வகுப்புக்காக வாங்கிய கைப்பேசி, வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் கம்பெனி வாசல் அலமாரியில் கிடந்தது. இலவசத் தரவு அட்டை வாங்க வரச்சொல்லி அழைப்பு வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். தவணை முடிவதற்குள் வீட்டில் வேறு செலவு வந்தது. அவர் திரும்பிப் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று இப்போது என்னைச் சொல்கிறார்கள். வரிசைப்படி அது அவருக்கு உரியது.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியை அனுப்பினால் முதலில் ஒற்றைக் குறி விழும். குழுவில் உள்ள எல்லாருக்கும் அது போய்ச் சேர்ந்தபிறகே இரட்டைக் குறியாகும். ஒருவருக்குச் சேராவிட்டாலும் ஒற்றைக் குறியாகவே நிற்கும்; யாருக்குச் சேரவில்லை என்பதையும் அச்செய்தியை அழுத்திப் பார்த்து அறியலாம். 2020இலும் 2021இலும் பேராசிரியர்களின் கைப்பேசிகளில் எத்தனை பாடங்கள் அப்படி ஒற்றைக் குறியோடு நின்றிருக்கும்! விடுபட்டோர் பட்டியல் அந்த ஒற்றைக் குறிக்குப் பின்னே இருந்தது. கருத்துப் படிவத்தின் இணைப்பும் அதே குழுவில்தான் அனுப்பப்பட்டது.

இக்கட்டுரை எழுதத் தொடங்கியபோது அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, ஐந்து விடைகளையும் படித்துக் காட்டி, "இதுல நீ எது சொல்லியிருப்ப அண்ணா?" என்று கேட்டேன். "நான் எங்க பாப்பா கிளாஸ்ல இருந்தேன், திருப்தியா இல்லையான்னு சொல்றதுக்கு?" என்றார். ஐந்தில் எந்தக் கட்டத்திலும் அவ்விடையைப் போட இடமில்லை.

விடுபட்டவரைக் கணக்கில் சேர்க்கும் வழி

இதற்கு வழியில்லை என்று எண்ணிவிடவேண்டாம். ஹான்சன், ஹர்விட்ஸ் என்னும் இருவர் 1946இலேயே ஒரு முறை வகுத்துத் தந்துள்ளனர். அஞ்சலில் கேள்வித்தாள் அனுப்புங்கள். பதில் வராதவர் பட்டியலை எடுங்கள். அவர்கள் எல்லாரையும் தேடிப்போக வேண்டாம், குலுக்கல் முறையில் சிலரை மட்டும் தேர்ந்து நேரிற் சென்று கேளுங்கள். அச்சிலர் விடையை விடுபட்டோர் அனைவருக்கும் விரித்துக் கணக்கிடுங்கள். இவ்வளவே.

மேற்சொன்ன கற்பனை வகுப்புக்கே பொருத்திப் பார்ப்போம். விடுபட்ட 25 பேரில் ஐவரைக் குலுக்கி எடுக்கிறோம். ஒவ்வொருவரும் ஐவரைக் குறிப்பர். ஐவரில் ஒருவர் திருப்தி என்றால், விடுபட்டோரில் ஐந்து பேர் திருப்தி எனக் கொள்ளலாம். முன்னைய 28ஓடு 5 சேர்த்தால் 33. அறுபதில் 33, அதாவது 100க்கு 55. எண்பது என்று எழுதப்போன அறிக்கை ஐம்பத்தைந்தில் வந்து நிற்கிறது. ஐவர் என்பது சிறிய கூறு; பிழை இருக்கும். அப்பிழை எவ்வளவு என்பதையும் கணக்கிட வாய்பாடு உண்டு. விடுபட்ட 25 பேரையும் பற்றி ஒன்றும் கேளாமல் எழுதிய 80க்கு அப்படியொரு வாய்பாடு கிடையாது.

2020இல் சேர்ந்தவர்கள் 2023இல் பட்டம் பெற்றிருக்க வேண்டியவர்கள். ஒவ்வொரு கல்லூரி அலுவலகத்திலும் அவ்வாண்டுச் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. பட்டம் பெற்றோர் பட்டியலும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முன்னதில் இருந்து பின்னதில் இல்லாத பெயர்கள் கிடைத்துவிடும். எங்கள் துறையில் இவ்வாண்டு மாதிரிக் கணிப்புக்குச் செயல்முறைப் பயிற்சி ஒன்று செய்தாகவேண்டும். வேறு ஏதோ ஒரு நூலின் பின்பக்க அட்டவணையை எடுத்துக் கணக்குப் போடுவதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கள் பேராசிரியர்களிடம் இக்கட்டுரை வாயிலாகவே விண்ணப்பித்துக்கொள்கிறேன். துறைக்கு ஐந்து பேர். விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப்பெயர் இருக்கும். சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லையாதலால் வகுப்பில் உள்ள மாணவியர் சென்றுவந்தால் செலவும் பெரிதாகாது. மலைப்பக்கத்து ஊர்கள் ஒன்றிரண்டு வந்துவிட்டால் மட்டும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.